திருச்சிக் கல்லூரி கிரிக்கெட்டரின் ஏலக் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை ஆட்டத்துக்கு வாசல் கல்லூரி மைதானம்தான். 32 அணிகளும் கல்லூரி ஆட்டங்களை அலசி, ஏழு சுற்றுகளாக ஆள் எடுக்கின்றன. பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடிகூட 2000-இல் 199-ஆவது ஆளாகத்தான் தேர்வானார். ஆனாலும் அவரைக் கல்லூரியில் பார்த்துத்தான் எடுத்தார்கள். நம் ஊர் நிலவரம் வேறு. செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, பிஷப் ஹீபர், நேஷனல் என எந்தக் கல்லூரிக்கு ஆடினாலும், பாரதிதாசன் பல்கலைக்கழக அணியிலேயே இடம் பிடித்தாலும், அந்த ஸ்கோரை மட்டும் நம்பி ஐபிஎல் ஏலத்தில் யாரும் கை தூக்க மாட்டார்கள். ஏலம் எடுக்கும் அணிகளின் கண் சென்னை லீக், டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்), மாநில அணி ஆகியவற்றின் மேல். ஆகவே பிளஸ் டூ முடித்த திருச்சிப் பையன் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: உள்ளூரிலேயே படித்துக்கொண்டு ஆடுவது, சென்னைக்குக் குடிபெயர்வது, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போவது. பெரும்பாலான வீடுகளில் முதலாவது சோம்பல், இரண்டாவது லட்சியம், மூன்றாவது ஆறுதல் பரிசு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று எதிராக நிறுத்துவதுதான் பிழை என்பது என் கட்சி. எது சரி என்பதை வயதும் கைவசம் இருக்கும் வித்தையும் தீர்மானிக்கின்றன.

முதலில், ஏலம் எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பார்ப்போம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் சென்னை லீக்கில் தொடங்கியது நான்காம் டிவிஷனில். பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015-இல் ரஞ்சி ஆடி, பந்து வீசும் விதத்தின் மேல் புகார் வந்து, அதைத் திருத்திக்கொண்டு, 2016-இல் முதல் டிஎன்பிஎல்லில் திண்டுக்கல்லுக்கு ஆடினார். அடுத்த ஆண்டு பஞ்சாப் அணி அவருக்கு 3 கோடி கொடுத்தது. இடது கை வேகத்தில் வரிசையாக யார்க்கர் போட நாட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தியும் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடியவர்தான். ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட். 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடிய கையோடு, 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் போனார். கடைசி ஓவர்களில் சிக்ஸர் அடிக்கும் ஷாருக் கானுக்கு 2021-இல் 5.25 கோடி. மூன்று பேரையும் தூக்கியது சராசரி அல்ல; எளிதில் கிடைக்காத ஒரு வேலையைச் செய்யும் திறன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் டென்னிஸ் பந்தை மதிலுக்கு மேலே பறக்கவிடுகிறவன் அந்த வட்டத்தில் சேர மாட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெயித்த மூன்று பேரை மட்டும் எடுத்துப் பேசுகிறாயே, நான்காம் டிவிஷனிலேயே தங்கிவிட்டவர்கள் கணக்கு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் 18 வயதிலேயே மூட்டை கட்டாதே என்கிறேன். தனித்த வித்தை ஒன்று கைக்கு வராமல் சென்னைக்குப் போகிறவன், அங்கே வரிசையில் நிற்கும் எத்தனையோ தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவன். அறை வாடகையும் மெஸ் செலவும் மாதாமாதம் வரும், வாய்ப்பு வராது. வித்தையை வளர்க்கும் வேலையைத் திருச்சி வலைப்பயிற்சியிலேயே செய்யலாம். கூடவே, கீழ் டிவிஷன் கிளப் ஒன்று சேர்த்துக்கொண்டால், இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஸ்ரீரங்கத்தில் ஏறி, கிட் பையைக் கீழ் பர்த்துக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தால் விடியும்போது சென்னை. அலுப்புதான், ஆனால் அறை வாடகையைவிட மலிவு. முதல் டிவிஷன் அப்படியல்ல. ஆட்டம் பல நாள் நீளும், பயிற்சிக்கும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த அழைப்பு வரும்போது குடிபெயர்வதில் தயக்கம் கூடாது. அதுவரை அட்டெண்டன்ஸையும் அரியர் இல்லாத மார்க் ஷீட்டையும் காப்பாற்றுவது ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

டிஎன்பிஎல் வருமானமே போதாதா என்ற கேள்விக்கு விடை சுருக்கம். 2023-இல் முதல் முறையாக ஏலம் வைத்தபோது ஓர் அணியின் மொத்தப் பணம் 70 லட்சம். அதில் சாய் சுதர்சன் ஒருவருக்கே கோவை 21.6 லட்சம் கொடுத்தது. அப்போது குஜராத் அணி ஐபிஎல்லில் அவருக்குக் கொடுத்த 20 லட்சத்தைவிட அது அதிகம். அடிமட்ட அடிப்படை விலையோ ஒன்றரை லட்சம். வருஷம் முழுக்க அதை வைத்துச் சாப்பிட முடியாது. டிஎன்பிஎல்லை ஜன்னலாகப் பார்க்கலாம், சம்பளமாக அல்ல.

இனி ரயில்வே. பொன்மலைப் பணிமனை இருக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். ஆனால் ஒரு தடை உண்மையிலேயே உண்டு: ரயில்வே அணிக்கு ரஞ்சி ஆடுகிறவர் அதே பருவத்தில் தமிழ்நாட்டுக்கு ஆட முடியாது, தமிழ்நாட்டு ஜன்னல்கள் பலவும் அடைபடும். அதற்காக ஏலக் கதவே மூடிவிடுவதில்லை. ரயில்வே ஆட்டக்காரரான கரண் சர்மாவை, இந்திய அணிக்கு ஆடும் முன்பே, 2014-இல் ஹைதராபாத் 3.75 கோடிக்கு வாங்கியது. மத்தியப் பிரதேச அணியில் இடம் இழந்து ரயில்வேக்கு வந்த அசுதோஷ் சர்மா, 2023-இல் சையது முஷ்டாக் அலி கோப்பையில் 11 பந்தில் அரைச்சதம் அடித்தார். முதலில் 20 லட்சத்துக்குப் போனவர், அடுத்த பெரிய ஏலத்தில் டெல்லிக்கு 3.8 கோடி. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே காத்திருந்தவர்தான் இவரும்.

வயதை இங்கேதான் கணக்கில் எடுக்க வேண்டும். நடராஜனுக்குப் பெரிய விலை வந்தது 25 வயதில், வருணுக்கு 27-இல். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கோ பொதுவாக 18 முதல் 25 வரைதான் வயது வரம்பு, தளர்வும் கிடையாது. ஏலம் தாமதமாகவும் வரும், வேலை வராது. எனவே டிகிரி முடிந்த 21-இலிருந்து 23 வரை சென்னையை முழுமூச்சாக முயன்று பார்க்கலாம். அதற்குள் முதல் டிவிஷனிலோ டிஎன்பிஎல் அணியிலோ இடம் கிடைக்காவிட்டால் 24-இல் விண்ணப்பம் போடுவதே சரி. முதல் பத்தியில் ஏலத்துக்குப் பயன்படாது என்று ஒதுக்கிய கல்லூரி ஆட்டம் அந்த விண்ணப்பத்தில் பேசும்: அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பெற்ற இடத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. அதற்கான சான்றிதழை, மத்திய அரசு வேலைகளுக்குக் கேட்கும் படிவம் 3-ஐ, கல்லூரியை விட்டு வெளியே வரும் முன்பே பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வைத்துவிட வேண்டும். நான்கு வருஷம் கழித்துப் போய் நின்றால் அந்தப் பழைய ஆட்டத்தின் ஆவணத்தைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.