தன்னிறைவும் அளவுக் கருவிகளும்

தொழிற்சாலையில் தானியங்கி முறையைப் புகுத்தத் திட்டமிடும்போது இயந்திரங்களின் விலையே முதலில் கணக்கிடப்படுகிறது. அவற்றுக்கு நிலவரத்தை அறிவிக்கும் 'டிரான்ஸ்டியூசர்' எனப்படும் ஆற்றல்மாற்றி அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை. அழுத்தம், வெப்பநிலை, இடப்பெயர்ச்சி போன்ற பௌதிக அளவுகளை மின் சைகைகளாக மாற்றித் தருவது இதன் பணியாகும்.

எடுத்துக்காட்டாக, கொதிகலனில் நீராவியின் அழுத்தம் மெல்லிய உலோகத் தகடொன்றை நுண்ணிய அளவில் வளைக்கிறது. தகட்டில் ஒட்டப்பட்ட திரிபுமானியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. வீட்ஸ்டன் சமனச்சுற்று இம்மாற்றத்தைச் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாக்குகிறது. இது பெருக்கப்பட்டு, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறையை அடைகிறது. 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவியில் 12 மில்லி ஆம்பியர் என்பது 5 பார் அழுத்தத்தைக் குறிக்கும். சுழி அழுத்தத்திற்கும் 4 மில்லி ஆம்பியர் ஒதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் அறவே நின்றுவிடும். எனவே அழுத்தமின்மை வேறு, பழுது வேறு எனப் பிரித்தறியலாம்.

இச்சிறு கருவியின் பொருளாதார மதிப்பிற்குப் பெங்களூரு தக்க சான்றாகும். 1974ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், வைக்கிங் திரவ எஞ்சின் தொழில்நுட்பத்தைப் பெறப் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. இந்தியப் பொறியாளர்களின் 100 மனித ஆண்டு உழைப்பே அதற்கு ஈடாக அமைந்தது. அழுத்த ஆற்றல்மாற்றிகளும் பெங்களூரில் தயாரிக்கப்பட்டு அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டன. அவ்வெஞ்சினே 'விகாஸ்' என்னும் பெயருடன் பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தை இயக்குகிறது. திரவ உந்து அமைப்பு மையத்தின் பெங்களூருப் பிரிவு ஏவுகலங்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் வேண்டிய ஆற்றல்மாற்றிகளை உருவாக்கி வருகிறது.

ஆயினும் உற்பத்தி மட்டுமே தன்னிறைவாகாது. வெப்பத்தாலும் அதிர்வாலும் நாளடைவில் கருவியின் அளவு பிறழக்கூடும். 9 பார் அழுத்தத்தை 8 எனக் காட்டும் கருவியை அனுபவமிக்க தொழிலாளி ஐயுறுவார். தானியங்கி அமைப்போ அதை அப்படியே ஏற்று எரிபொருளைத் தொடர்ந்து செலுத்தும். ஆகவே தானியக்கம் பெருகப் பெருக, நம்பத்தக்க தரக்கருவியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுத்திருத்தமும் இன்றியமையாததாகிறது.

1962இல் பெங்களூரில் நிறுவப்பட்டு, இன்று மத்திய உற்பத்தித் தொழில்நுட்பக் கழகம் எனப்படும் அமைப்பு அளவியல் சேவைகளை அளித்து வருகிறது. பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு தொழிலகங்கள் இத்தகைய சேவைகளைப் பயன்படுத்திக்கொள்ளல் வேண்டும். கருவி வாங்கும் செலவோடு ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்கும் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்ப்பதே முறையாகும். அளவு பிழையாயின், அதை நம்பி இட்ட முதலீடு முழுவதும் இடருக்குள்ளாகும்.