ஓடும்போதே எழுதி வைத்தல்

சிரஞ்சீவி தம்பிக்கு,

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு முழுவதும் ஓடவேண்டிய வால்வுச் சோதனைக்கு நீயே ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதி, அதன் வெளியீடு திரையிலும் தெரியவேண்டும், அதே க்ஷணத்தில் கோப்பிலும் பதியவேண்டும் என்று விரும்பி, பைப்பின் வழியே டீ என்னும் கட்டளைக்கு அனுப்பியதாகவும், மின்சாரம் போய்த் திரும்பியபின் கோப்பைத் திறந்தால் கடைசி மூன்று மணி நேரத்தைக் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். டீயின்மீது உனக்கு உண்டான கோபம் நியாயமானதல்ல. 1973-ல் டக் மெக்கில்ராயின் விடாத வற்புறுத்தலுக்கு இணங்கிக் கென் தாம்சன் யூனிக்ஸில் பைப்பைச் சேர்த்த காலத்தை ஒட்டிப் பிறந்த அந்தச் சிறு கட்டளை, தன் கைக்கு வந்ததை ஒரு கணமும் தேக்கி வைத்துக்கொள்வதில்லை. தாமதம் உன் ஸ்கிரிப்டிலேயே நிகழ்ந்தது.

எதிரே டெர்மினல் இருந்தால் வரிக்கு வரி உடனே வெளியிடுகிற அதே பைதான், எதிரே பைப்போ கோப்போ இருப்பதை அறிந்தவுடன் தன் சுபாவத்தை மாற்றிக்கொண்டு, ஆவடி ரயில் நிலையத்து வாசலில் ஆள் நிறையும்வரை பூந்தமல்லிக்குப் புறப்பட மறுக்கும் ஷேர் ஆட்டோவைப் போலப் பஃபர் என்னும் தற்காலிகத் தேக்கிடம் நிரம்பும்வரை காத்து நிற்கிறது. அந்தப் பஃபரின் கொள்ளளவு பெரும்பாலும் 8192 பைட்டு. உன் ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒரு வரியும், வரிக்கு 40 பைட்டும் எழுதுமானால், அது நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். உன் நஷ்டக் கணக்கு அதுதான். (தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டு பிடிப்பதால் சீக்கிரம் நிரம்பும். ஆனால் தமிழ்ப்பற்றை அந்தக் காரணத்துக்காக வளர்க்கச் சொல்லமாட்டேன்.) நீ அங்கே இருந்திருந்தால் திரையும் ஊமையாக நின்றதைப் பார்த்திருப்பாய். பைதானை யு என்ற விருப்பக்குறியோடு அழைத்தால் இந்தத் தேக்கம் ஒழியும். அல்லது முக்கியமான ஒவ்வொரு பிரிண்ட்டிலும் ஃப்ளஷ் சேர்க்கலாம்.

இதைவிட அபாயகரமானது ஒன்று உண்டு. பிழைச் செய்திகள் வேறு வாய்க்கால் வழியே, காத்திராமல் வருவன. ஆகையால் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்க்கும்போது, நூறாவது அளவீட்டுக்குப்பின் எழுந்த எச்சரிக்கை ஐம்பதாவது அளவீட்டுக்கு முன்னே வந்து உட்கார்ந்திருக்கும். வரிசை பிறழ்ந்த பதிவு, பதிவே இல்லாமையைவிடக் கெடுதல் என்பது என் அபிப்பிராயம். இல்லாதது யாரையும் தவறான வால்வைக் கழற்றச் செய்வதில்லை. ஸ்கிரிப்ட் தானே ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரத்தை அச்சிடட்டும்.

பஃபர் ஒழிந்தாலும் வட்டில் ஏறிவிட்டதாக நினைக்காதே. லினக்ஸ் கெர்னல் எழுத வேண்டியதைச் சுமார் 30 விநாடி வரையில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். அதற்குள் மின்சாரம் போனால் அதுவும் போயிற்று. 2016 டிசம்பர் 12-ல் கரை கடந்த வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு தொழிற்பேட்டைக்குள் புகுந்த வெள்ளத்தையும் கண்டவர்கள் யு.பி.எஸ். ஒன்றையே நம்பிப் படுக்கமாட்டார்கள். தேர்ச்சியா தோல்வியா என்ற முடிவுகளை மட்டுமாவது ஸ்கிரிப்ட் தானே திறந்த கோப்பில் எழுதி, ஃப்ளஷ் செய்து, பிறகு எஃப்சிங்க் என்னும் அழைப்பால் வட்டில் ஏறியதை உறுதிசெய்துகொள்ளட்டும். எல்லா வரிக்கும் இதைச் செய்தால் சோதனையின் வேகம் குன்றும், தேவையுமில்லை.

கோப்பின் பெயரில் தேதியும் மணியும் இருக்கட்டும். ஏ என்ற விருப்பக்குறி இல்லாமல் அழைத்தால் டீ பழைய கோப்பைத் துடைத்துவிட்டே தொடங்கும்.

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. பைப் கோவையின் வெற்றி தோல்வியைப் பாஷ் ஷெல் அதன் இறுதிக் கட்டளையைக் கொண்டே தீர்மானிக்கிறது. ஆகவே உன் ஸ்கிரிப்ட் நடுவில் செத்து விழுந்தாலும், டீ தன் வேலையை ஒழுங்காக முடித்ததனால், காலையில் வரும் மேற்பார்வையாளருக்குக் கிடைக்கும் விடை பூஜ்யம், அதாவது வெற்றி. கோவையில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்னும் அமைப்பை ஷெல்லில் முதலிலேயே இட்டுவிட்டு, இன்றிரவுச் சோதனையைத் தொடங்கு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்தவன்
ஆவடி