உடற்பயிற்சிக்கு இசை துணை

முன்னுரை

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உடல் நலமாக இருந்தால்தான் படிப்பும் பட்டமும் பயன் தரும். இதனை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆயினும் பத்தாம் வகுப்பில் காலடி எடுத்து வைத்ததும் நாம் முதலில் கைவிடுவது உடற்பயிற்சியைத்தான். "களைப்பாக இருக்கிறது", "வெயில் கொளுத்துகிறது", "பாடம் மிச்சமிருக்கிறது" என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது ஓடியாடி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பள்ளி செல்லும் வளரிளம் பெண்களில் நூற்றுக்கு 85 பேர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 78 பேர். இருபாலாரும் பின்தங்கியிருக்கிறோம், பெண்களாகிய நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். சோர்ந்த கால்களைத் தட்டி எழுப்ப எளிய வழி உண்டா? உண்டு தோழியரே! அதை நம் மதுரை வட்டாரத்து வயல்களில் உழைத்த பெண்கள் என்றோ கண்டுவிட்டார்கள். அதுதான் இசை.

உழைப்பும் பாட்டும்

பெரியாறும் வைகையும் நீர் தரும் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் நடவு நடும் பெண்களை எண்ணிப் பாருங்கள். சேற்றில் கால் புதைய, முதுகு வளைய, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்ற வேண்டும். அதைப்போல் கடுமையான உடற்பயிற்சி நம் பள்ளியில் எதுவும் இல்லை! ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். கைகள் தாளத்தோடு இறங்கும். இடையிடையே குலவை ஒலிக்கும். வரிசையும் பிசகாது, பொழுது போவதும் தெரியாது.

மோட்டார் பம்பு வருவதற்கு முன் ஏற்றம் இறைத்தவர்களும் பாடினார்கள். ஏற்ற மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார்; கீழே இருப்பவர் சாலைப் பிடித்து நீரைச் சாய்ப்பார். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஏற்றப்பாட்டு களைப்பைப் போக்கும் மருந்தாகவும், வேலையை அளக்கும் கோலாகவும் இருந்தது.

உலக்கைப் பாட்டின் பயன் இன்னும் நுட்பமானது. ஒரே உரலில் இரு பெண்கள் மாறிமாறிக் குத்தும்போது, தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும். அங்கே பாட்டு அழகுக்காக மட்டும் வந்ததன்று. கையைக் காக்கும் காவலாகவும் வந்தது.

பண்டைய மதுரையில்

விளையாட்டுக்கும் இசை வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மகளிர் எழுவர் கைகோத்து, வட்டமாக நின்று குரவை ஆடினர். அந்த எழுவருக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயர்களையே மாதரி இட்டாள் என்று இளங்கோவடிகள் பாடுகிறார். அந்நூலிலேயே பந்தடிக்கும் பெண்களுக்குக் கந்துகவரி, ஊஞ்சலாடுவோருக்கு ஊசல்வரி, நெல் குத்துவோருக்கு வள்ளைப்பாட்டு என்று தனித்தனிப் பாட்டுகள் உள்ளன. ஒவ்வோர் அசைவுக்கும் அதற்கேற்ற தாளம் வேண்டும் என்பதை அக்காலப் பெண்கள் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள்!

இசை எவ்வாறு உதவுகிறது?

முதலாவதாக, இசை நம் கவனத்தைக் களைப்பிலிருந்து திருப்புகிறது. கால் வலிக்கிறது என்ற செய்தி மூளைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். மனம் பாட்டில் இருப்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவதாக, தாளம் அசைவை ஒழுங்காக்குகிறது. வேகமாக ஓடி, நின்று, மீண்டும் ஓடினால் ஆற்றல் வீணாகும். ஒரே சீராக இயங்கினால் மிச்சமாகும். இசைக்கு ஏற்பச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு 7 சதவீதம் குறைவான ஆக்சிஜனே தேவைப்பட்டது என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1911-இல், லியோனார்டு அயர்ஸ் என்ற அமெரிக்கர் நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதினார். பேண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்கள் மணிக்குச் சராசரியாக 19.6 மைல் வேகத்திலும், வாத்தியம் ஓய்ந்தபோது 17.9 மைல் வேகத்திலும் சென்றார்களாம்.

மூன்றாவதாக, இசை பலரை ஒன்றாக்குகிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையுமா? எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் நகரும். எங்கள் வகுப்பு விளையாட்டு விழா அணிப் பயிற்சியிலும் இதைக் கண்டோம். "ஒன்று, இரண்டு" என்ற எண்ணிக்கைக்கு எங்கள் கைகள் முன்னும் பின்னுமாக உயர்ந்தன. டிரம் அடிக்கத் தொடங்கியதும் வரிசை தானாக நேரானது. கடைசி வரிசையில் எப்போதும் சோர்ந்து நிற்பவர்களும் நிமிர்ந்து நின்றார்கள்.

எல்லையும் உண்டு

இசை பலத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் பலத்தைச் சிந்தாமல் செலவிடவே கற்றுத்தருகிறது. மூச்சு வாங்க முழு வேகத்தில் ஓடும்போது பாட்டு நம் காதில் ஏறுவதே இல்லை. உடலின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. அதுவும் நல்லதுதான். நம் மதுரை வெயிலில் தலைசுற்றல், நாவறட்சி, குமட்டல் ஆகியவை உடல் தரும் எச்சரிக்கை. பாட்டின் உற்சாகத்தில் அவற்றை மறந்துவிடக் கூடாது. உடனே நிழலில் அமர்ந்து நீர் அருந்த வேண்டும். சாலையில் நடக்கும்போதும் சைக்கிளில் செல்லும்போதும் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை

1. தொடக்கத்தில் மெதுவான பாட்டு, நடுவில் விரைவான பாட்டு, முடிவில் மீண்டும் மெதுவான பாட்டு என அமைத்துக்கொள்வோம். கும்மியும் ஒயிலாட்டமும் மெல்லத் தொடங்கி விரைவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

2. மிதமான பயிற்சிக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டுகள் வரும் பாட்டு ஏற்றது. 15 நொடி கைதட்டி எண்ணுங்கள். 30 முதல் 35 வரை வந்தால் அதுவே தக்க பாட்டு.

3. கைப்பேசியோ ஒலிபெருக்கியோ தேவையில்லை. நம் குரலே போதும். ஓடியாடும்போது முழுப் பாட்டையும் ஒருவரே பாட மூச்சு இடம் தராது. ஆகவே நடவுப் பெண்களைப்போல் ஒரு பாதிப்பேர் பாட, மறுபாதிப்பேர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பின்பாட்டு முறையின் நன்மை இப்போது விளங்குகிறதா?

4. ஓட்டப்பந்தயத்தில் காதில் கருவி வைத்து ஓட விதிகள் இடம் தருவதில்லை. எனவே பயிற்சியின்போதே தாளத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

5. தேர்வுக் காலத்திலும் மாலையில் அரைமணி நேரம் நாலைந்து பேர் கூடிக் கும்மியோ கோலாட்டமோ ஆடலாம், கயிறு தாண்டலாம்.

முடிவுரை

நம் பாட்டிமார் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்ததில்லை. வேலையே பயிற்சியாயிற்று, பாட்டே துணையாயிற்று. இன்று ஏற்றம் போயிற்று, உரல் மூலைக்குப் போயிற்று, வயலுக்கு நடவு இயந்திரமும் வந்துவிட்டது. முதுகொடிக்கும் அந்த வேலை குறைந்ததற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் வேலையோடு சேர்ந்து பாட்டையும் அசைவையும் இழந்துவிட்டால், நாற்பது வயதில் நாம்தான் வருந்த வேண்டியிருக்கும். ஆகவே தோழியரே, பாடத்துக்கு நேரம் ஒதுக்குவதுபோல் உடலுக்கும் ஒதுக்குவோம். பாடி ஆடுவோம்; கூடி ஓடுவோம்; உடலும் உள்ளமும் உரம் பெற வாழ்வோம்!