விழுந்த மரத்தின் மதிப்பு

1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தென் இங்கிலாந்தைக் கடும்புயல் தாக்கியது. ஒரே இரவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. ‘ஏழு ஓக் மரங்கள்’ எனப் பொருள்படும் செவனோக்ஸ் என்னும் ஊரின் மைதானத்தில் நின்ற ஏழு ஓக் மரங்களுள் ஆறு வீழ்ந்தன. இவ்வாறு விழும் மரங்களை என்ன செய்வது? அதற்கு முதலில் மரத்தை அடையாளம் காண வேண்டும். பிறகு அதன் நிலையை மதிப்பிட வேண்டும்.

வெயிலிலும் மழையிலும் கிடந்த ஓக் மரத்தின் பட்டை உதிர்ந்துவிடும். நிறமும் சாம்பலாக மாறிவிடும். எனவே, மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவுசெய்ய இயலாது. மரத்துண்டின் குறுக்கு முனையைச் சீவிப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் அகன்ற கோடுகள், சக்கரத்தின் ஆரங்களைப்போல் காட்சியளிக்கும். இவ்விரண்டும் ஓக் மரத்தின் முக்கிய அடையாளங்கள்.

மரத்தின் வெளிப்பகுதியான சாற்றுக்கட்டை சில ஆண்டுகளிலேயே மட்கிவிடும். உட்பகுதியான வைரக்கட்டையோ பல ஆண்டுகள் உறுதியாக இருக்கும். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் எளிதில் அண்டவிடாது. ஆதலால், கத்தி முனையால் குத்திப் பார்ப்பது நல்ல சோதனையாகும். முனை சிறிதளவே இறங்கி, நெம்பும்போது நீண்ட சிம்பு எழுந்தால் அப்பகுதி உறுதியானது. முனை எளிதில் புதைந்து, மரம் துண்டு துண்டாக உடைந்தால் அது மட்கத் தொடங்கிவிட்டது எனலாம். சுத்தியலால் தட்டும்போது ‘டங்’கென்ற ஓசைக்குப் பதிலாக மந்தமான ஓசை எழுந்தால், உள்ளே சிதைவு இருக்கக்கூடும். சில பூஞ்சைகள் வைரக்கட்டையையே தாக்குவதால், வெளியே திடமாகத் தோன்றும் மரமும் உள்ளே பொள்ளலாக இருப்பதுண்டு.

உறுதியான கட்டை, தூணாகவும் மேசையாகவும் மறுவாழ்வு பெறும். அப்படியென்றால், மட்கிய கட்டை வெறும் குப்பையா? இல்லை. மான்கொம்பு போன்ற தாடைகளையுடைய ஒருவகை வண்டின் புழுக்கள், மண்ணோடு சேர்ந்து மட்கும் மரத்தைத் தின்று மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வளர்கின்றன. தோட்டத்தைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி அக்கட்டைகளை அகற்றினால், அவ்வண்டுகள் வாழிடத்தை இழக்கும். ஆகவே, எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று தெரிந்து முடிவெடுப்பதே சரியான மதிப்பீடு.