வெந்தய முளையும் குடற்கிருமியும்

எஸ்செரிச்சியா கோலை என்னும் நுண்கிருமியை 1885-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் தியோடார் எஸ்செரிச் என்னும் குழந்தை வைத்தியர். மனிதர் குடலிலும் கால்நடைகளின் குடலிலும் எப்பொழுதும் குடியிருக்கும் கிருமி இது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. சில மட்டும் உயிரைக் குடிப்பது எவ்வாறு என்பதை, பயிரிடும் அங்கத்தினர்கள் அறியவேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

2011 மே மாதத்தில் வட ஜெர்மனியில் இரத்தக் கழிச்சல் பரவிற்று. ஜூலைக்குள் 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 53 பேர் மாண்டனர்.

அக்கிருமி இரு வல்லமைகள் ஒருங்கே கொண்டது. செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து குடற்சுவரில் இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர் ஷிகா நச்சு என்னும் விஷத்தைச் சுரக்கும். கிருமிகளையே பற்றும் ஒருவகை வைரஸ் இந்நச்சின் மரபணுவை அதற்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தது. நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உயிரணுக்களுள் புகுந்து, அவை புரதம் ஆக்கும் தொழிலை நிறுத்திவிடுகிறது. குழாய்களில் இரத்தம் உறைகிறது, சிவப்பணுக்கள் சிதைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது. சில கிருமிக்கொல்லி மருந்துகள் நச்சின் சுரப்பை மிகுதிப்படுத்தவும் கூடும். ஆதலின் கழிச்சலில் இரத்தம் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்குதல் தகாது, மருத்துவரிடமே செல்லவேண்டும்.

கிருமி எதன் வழியே வந்தது? ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயே காரணமென்று ஹாம்பர்க் அதிகாரிகள் மே 26-ல் அறிவித்தனர். சில நாட்களில், காயில் கண்டது வேறு வகைக் கிருமி எனத் தெளிவாயிற்று. அதற்குள் வெள்ளரியை வாங்குவாரில்லை. விளைந்ததைக் குப்பையில் கொட்டினர், யாதொரு குற்றமும் அறியாத விவசாயிகள்!

உண்மையைக் காட்டியவை ரசீதுகளே. உணவு விடுதிகளில் யார் எதை உண்டனர் என்று விசாரித்து முளைகட்டிய தானியத்தை அறிந்தனர். பின்னர் விற்பனைக் கணக்குகளைப் பின்தொடர்ந்து, 2009-ல் எகிப்திலிருந்து கப்பலேறிய வெந்தய விதையே பெரும்பாலும் மூலமென்று முடிவு செய்தனர். சோதித்த விதைகளில் கிருமி அகப்படவேயில்லை. எனினும் விதையில் ஒட்டிய சிலவே போதும். முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் அவற்றைப் பன்மடங்காக்கிவிடும். நன்றாக வேகவைத்தால் மடியும். அங்கே பச்சையாகவே உண்டனர். வெந்தயம் முளைகட்டுவது நம் வீடுகளிலும் உண்டன்றோ?

நஷ்டமுற்ற காய்கறி விவசாயிகளுக்கென ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கிற்று. எகிப்திய விதைகள் சிலவற்றின் இறக்குமதியும் அவ்வாண்டு ஜூலையில் நிறுத்தப்பட்டது.