ஆங்கிலம் அறிவோம்: தீப்பிடிக்கும் சொற்கள்



பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்பக்கம் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'தீப்பிடிக்காது' என்று சிலர் அர்த்தம் சொல்வாங்க. அது தப்பு! 'மிகச் சுலபமாகத் தீப்பிடிக்கும்' என்பதே சரி.

ஏன் இந்தக் குழப்பம்? கரெக்ட் – இன்கரெக்ட், விசிபிள் – இன்விசிபிள். இவற்றில் 'இன்' என்றால் 'இல்லை'. ஆனால் இங்கே அப்படி இல்லை. 'இன்ஃபிளேம்' என்றாலே 'தீ மூட்டு' என்று பொருள். லத்தீனிலிருந்து வந்த சொல். அதோடு 'ஏபிள்' சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அர்த்தம் மாறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

மனப்பாடம் செய்ய:

1. ஃபிளேமபிள் / இன்ஃபிளேமபிள் – சட்டென்று தீப்பிடிக்கும். பெட்ரோல், சமையல் கேஸ், ஸ்பிரிட். (ஸ்பெல்லிங்கில் இரண்டு 'எம்' வரும்.)

2. கம்பஸ்டிபிள் – எரியக்கூடியது. ஆனால் பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேணும். மரக்கட்டை, நிலக்கரி. (கடைசியில் 'ஐ-பி-எல்-இ'. 'ஏ' போடக்கூடாது.)

3. நான்-ஃபிளேமபிள் – சுலபமாகத் தீப்பிடிக்காது. மணல், செங்கல், கண்ணாடி. 'இல்லை' என்று சொல்ல 'நான்' போடணும், 'இன்' அல்ல!

வாக்கியம்: பெட்ரோல் இஸ் ஹைலி ஃபிளேமபிள். சேண்ட் இஸ் நான்-ஃபிளேமபிள்.

இதையும் கவனிங்க: காலி பெட்ரோல் கேன் பக்கத்திலும் தீக்குச்சி உரசக்கூடாது. உள்ளே ஆவி இருக்கும், அதுவும் ஃபிளேமபிள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீங்க. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறிய தீ என்றால் மணல் போடணும். பெரிய தீ என்றால் விலகி ஓடி, 101-க்குப் போன் செய்யணும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ வேகமாகப் பரவக் காரணம் கீற்றுக்கூரை. காய்ந்த கீற்றும் ஃபிளேமபிள்தான். அந்தக் குழந்தைகளை நினைத்தாவது இந்தச் சொற்களை மறக்காமல் இருப்போம்.

மூளைக்கு வேலை! கீழே உள்ளவை ஃபிளேமபிளா, கம்பஸ்டிபிளா, நான்-ஃபிளேமபிளா?
அ) விறகு ஆ) ஓடு இ) கேஸ்

விடை: அ) கம்பஸ்டிபிள் ஆ) நான்-ஃபிளேமபிள் இ) ஃபிளேமபிள்

– ஒன்பதாம் வகுப்பு மாணவி