மூக்கைப் பொத்தாமல் ஒரு ஆம்பூர் கதை

அடுத்த இதழுக்குக் கதை எழுதலாம்னு நினைக்கிறீங்களா? தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு பத்து நிமிஷம் படிச்சிடுங்க.

நம்ம காலேஜ் இருக்கிற இடம் அப்படி, வருஷா வருஷம் தோல் தொழிலைப் பத்தி நாலஞ்சு கதையாவது வந்துடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்னு ஊர் பேர் மட்டும் மாறும். இந்த இதழுக்கு வர்ற கதைகளை முதல்ல படிக்கிற டீம்ல ரெண்டு வருஷமா இருக்கேன். படிச்சுப் படிச்சு ஒரு பேட்டர்ன் மனப்பாடமே ஆயிடுச்சு. ட்ரெயின் ஆம்பூர்ல நிக்கும். ஹீரோ மூக்கைப் பொத்துவான். ஒரு தொழிலாளி வருவார், அவருக்குக் கண்டிப்பா இருமல் இருக்கும். கடைசி பாராவில் அவர் செத்துப்போவார், இல்லன்னா அவர் பையனுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஒரு தொழிலைப் பத்திக் கதை எழுதினா நாற்றத்தில் ஆரம்பிக்காதீங்க, வேலையில் ஆரம்பிங்க.

நாற்றத்தை எழுதினா என்ன தப்பு?

நாற்றம் இல்லைன்னு சொல்லல. இருக்கு. ஆனா அது யாருக்குத் தெரியுதுன்னு பாருங்க. நம்ம மூக்கு ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தா அதைக் கண்டுக்காம விட்டுடும். உள்ளே ஒரு ஷிப்ட் முழுக்க நிக்கிறவருக்கு அது அப்பப்போதான் ஞாபகம் வரும். ஜன்னல் வழியா ரெண்டு நிமிஷம் கடந்து போறவனுக்குத்தான் அது பெரிய செய்தி. அதனால முதல் வரியிலேயே நாற்றம் வந்துட்டா, கதை சொல்றவன் ட்ரெயினை விட்டு இறங்கவே இல்லைன்னு படிக்கிறவருக்குத் தெரிஞ்சிடும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். நம்ம நாட்டில் தோல் நாற்றம் வெறும் நாற்றம் இல்லை. செத்த மாட்டின் தோலைத் தொடுறவங்களைத் தள்ளி வெச்ச ஜாதி வழக்கம் அதுக்குப் பின்னாடி இருக்கு. பாலாற்றங்கரையில் தோல் வியாபாரத்தை வளர்த்தது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். உள்ளே ஈரத் தோலைத் தூக்கிச் சுமந்தவங்கள்ல பெரும்பகுதி தலித் மக்கள். 'நாறுது'ங்கற ஒரு வார்த்தையில் இந்த வரலாறு முழுக்க வந்து உட்கார்ந்துக்கும், நீங்க நினைக்கலன்னாலும். ஆம்பூர்ல இருந்தும் பேரணாம்பட்டுல இருந்தும் தினமும் பஸ்ல வர்ற உங்க கிளாஸ்மேட்டும் இந்த இதழைப் படிக்கிறாங்க. அவங்க அப்பா வேலை பார்க்கிற இடத்துக்கு நீங்க மூக்கைப் பொத்துறதை அவங்க படிக்கணுமா?

இதுக்கு வெளிநாட்டுல ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அப்டன் சின்க்ளேர்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர். 1904ல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் ஏழு வாரம் தங்கி, தொழிலாளிகளோட பழகி, 'தி ஜங்கிள்'னு நாவல் எழுதினார். புத்தகமா வந்தது 1906ல். அந்தத் தொழிலாளிகளோட வாழ்க்கையைப் படிச்சு நாடு கோபப்படணும்னு அவர் நினைச்சார். நாடு கோபப்பட்டுது, ஆனா தன்னோட தட்டுல இருக்கிற இறைச்சி எவ்வளவு அழுக்குன்னு. அதே வருஷம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்துச்சு. அது நல்ல விஷயம்தான். ஆனா நாவலின் மையத்தில் இருந்த தொழிலாளிகளை ஜனங்க சீக்கிரமே மறந்துட்டாங்க. அந்த வருத்தம் சின்க்ளேருக்கே இருந்துச்சு. அருவருப்பு ரொம்ப பவர்ஃபுல். அதைக் கதைக்குள்ள விட்டா, மனுஷனைத் தள்ளிட்டு அது முன்னாடி வந்து நின்னுக்கும்.

வேலைக்குள்ளேயே கதை இருக்கு

தோல் எப்படித் தயாராகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. உப்பு போட்ட பச்சைத் தோல் வருது. தண்ணியில் ஊற வைக்கிறாங்க. சுண்ணாம்புல போட்டு முடியை எடுக்கிறாங்க. உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையைச் சீவுறாங்க. அப்புறம் பெரிய டிரம்முக்குள்ள பதனிடுறாங்க. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய். இப்போ பெரும்பாலும் குரோமியம் உப்பு. குரோம் டிரம்மில் இருந்து வெளியே வரும்போது தோல் வெளிர் நீலமா இருக்கும், அதுக்குப் பேரே வெட் புளூ. அதுக்கப்புறம் தடிமனைச் சீராக்கி, சாயம் ஏத்தி, எண்ணெய் கொடுத்து, காய வெச்சு, ஃபினிஷிங் பண்ணி, தரம் பிரிச்சு, சதுர அடியில் அளந்து ஷூ கம்பெனிக்கு அனுப்புவாங்க.

'இது லேப் ரெக்கார்டு மாதிரி இருக்கே, கதை எங்கே?'ன்னு கேட்கறீங்களா? ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ரெண்டு பேர் ரெண்டு விதமா ஒண்ணை விரும்புறாங்க பாருங்க, அங்கதான் கதை இருக்கு.

ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனை எடுத்துக்கோங்க. ஒரு ஜோடிக்கு இவ்வளவு சதுர அடின்னு கணக்கு உண்டு. ஆனா எல்லாத் தோலும் ஒரே மாதிரி வராது. மாடு உயிரோட இருந்தப்போ முள் கிழிச்ச கோடு, உண்ணி கடிச்ச புள்ளி எல்லாம் ஃபினிஷிங்குக்கு அப்புறமும் தெரியும். முதுகுப் பக்கத் தோல் உறுதியா இருக்கும், ஷூவோட முன்பக்கத்துக்கு அதுதான் வேணும். வயித்துப் பக்கம் இழுத்தா நீளும், மறைவா இருக்கிற பாகத்துக்குத்தான் சரிப்படும். தழும்பைத் தவிர்க்கணும், தோலும் வீணாகக்கூடாது. கட்டிங்ல நிக்கிறவர் நாள் முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கிட்டு இருக்கார்.

இப்போ ஒரே விஷயத்தை ரெண்டு விதமா எழுதிப் பார்க்கலாம். ரெண்டுமே இந்தக் கட்டுரைக்காக நான் எழுதினதுதான்.

முதல் விதம்:

"ஏழைத் தொழிலாளி மணியின் கண்களில் சோகம் ததும்பியது. இயந்திரங்களின் இரைச்சலுக்கும் குமட்டும் நாற்றத்துக்கும் நடுவே அவன் வாழ்க்கை கருகிக்கொண்டிருந்தது."

ரெண்டாவது விதம்:

"மணி தோலை வெளிச்சத்துக்குத் திருப்பினான். முதுகின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு முள் கீறல். டையைக் கொஞ்சம் மேலே தள்ளினான். இப்போது கீறல் தப்பித்தது, ஆனால் ஓரத்தில் ஒரு துண்டு வீண். காலையிலிருந்து இது நாலாவது. பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டது. மணி டையைப் பழைய இடத்திலேயே வைத்து பிரஸ்ஸை அழுத்தினான்."

ரெண்டாவதில் சோகம்னு ஒரு வார்த்தை இல்லை. ஆனா மணி பயந்திருக்கான்னு நமக்குத் தெரியுது. அவன் ஒரு தப்பு பண்ணிட்டான்னும் தெரியுது. அந்த ஷூ எங்கே போகும், யார் கண்டுபிடிப்பாங்கன்னு அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோணுது. முதல் விதத்தை எழுத ஆம்பூர் பத்தி எதுவுமே தெரிய வேண்டியதில்லை. ஊர் பேரை சிவகாசின்னு மாத்தினாலும் அது அப்படியே நிக்கும். உங்க பாராவை இப்படி ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. வேற ஊர் பேர் போட்டும் நிக்குதுன்னா, அந்தப் பாராவை இன்னும் எழுதலைன்னு அர்த்தம்.

ஒரு பொருளைப் பின்னாடியே தொடர்ந்து போங்க

பிளாட் கிடைக்கலன்னா இதை ட்ரை பண்ணுங்க. எடுத்துக்காட்டா, உப்பு. தோல் அழுகாம இருக்க உப்பு போடுறாங்க. ஊற வைக்கும்போது அது தண்ணியில் கரையுது. பல வருஷம் அந்தத் தண்ணி வாய்க்காலுக்கும் பாலாத்துக்கும் போச்சு. கிணத்துத் தண்ணி கரிச்சுது. இப்போ தண்ணியைச் சுத்திகரிச்சு உப்பைத் தனியா பிரிக்கிறாங்க, ஆனா அந்த உப்பை எங்கே போடுறதுங்கறதே ஒரு தலைவலி.

இதில் எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. உப்பு மூட்டை தூக்குறவர், டேனரி மேனேஜர், கிணத்துக்காரர், குடிதண்ணி கேன் விக்கிறவர். கிணத்துக்காரர் வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க. காபி எந்தத் தண்ணியில் போடுறதுன்னு அம்மாவும் பொண்ணும் சமையல்கட்டில் கிசுகிசுன்னு பேசுறாங்க. மாப்பிள்ளைக்கு வேலை டேனரியில். கதை ரெடி. சுற்றுச்சூழல் பத்தி ஒரு வரிகூட நீங்க லெக்சர் அடிக்க வேண்டாம்.

நம்ம படிப்பு இங்கே ஒரு லாபம். கெமிக்கல், சிவில் பசங்களுக்கு இந்தத் தண்ணிக் கணக்கு தெரியும். தெரிஞ்சதை கேரக்டர் வாயில் கொட்டாதீங்க. அவங்க என்ன செய்யறாங்கங்கறதில் காட்டுங்க.

எங்கே தகவல் எடுக்கிறது?

முதல்ல மனுஷங்க. 'வேலை கஷ்டமா இருக்கா அண்ணே?'ன்னு கேட்டா 'என்னப்பா பண்றது'ன்னு ஒரே பதில்தான் வரும். அதுக்குப் பதிலா 'நேத்து ஷிப்ட்டுக்குள்ள போனதும் முதல்ல என்ன பண்ணீங்க?', 'புதுசா வர்ற ஆளு எதுல தப்பு பண்ணுவாங்க?', 'எந்த வேலையை யாருகிட்டயும் கொடுக்க மாட்டீங்க?'ன்னு கேளுங்க. மூணாவது கேள்விக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவாங்க. ஏன்னா அது அவங்க திறமையைப் பத்தின கேள்வி. நம்ம கதைகள்ல தொழிலாளிக்குக் கஷ்டம் மட்டும்தான் இருக்கு, திறமையே இருக்கிறதில்லை. கேட்டதை எழுதும்போது பேரையும் அடையாளத்தையும் மாத்துங்க. அவங்க நாளைக்கும் அதே வேலைக்குப் போகணும்.

அடுத்து ஆவணங்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குன்னு என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பருக்கு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருப்பீங்க. உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996ல் சொன்ன அந்தத் தீர்ப்பை ஒரு தடவை முழுசா படிங்க. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு அதில் இருக்கு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டாங்க. அந்த நோட்டீஸ் வந்த அன்னைக்கு ஒரு சின்ன டேனரியில் கணக்குப்பிள்ளை என்ன பண்ணியிருப்பார்? அங்கே இருந்து உங்க கற்பனை ஆரம்பிக்கலாம்.

நிஜத் துயரத்தை எழுதும்போது மட்டும் ரொம்ப நிதானம் வேணும். 31 ஜனவரி 2015 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைஞ்சு, பக்கத்து டேனரியில் தூங்கிக்கிட்டு இருந்த 10 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவங்க. இதை எழுத நினைச்சா சுவர் உடையற காட்சியை எழுதாதீங்க. அது அன்னைக்கே செய்தியில் வந்தாச்சு. முந்தின நாள் சாயங்காலத்தை எழுதுங்க. நீங்களே உருவாக்கின ஒருத்தர் சம்பளத்தை ஊருக்கு அனுப்ப அலையறார், யாரோ சமைக்கிற முறை யாருதுன்னு சண்டை போடறாங்க. அங்கேயே நிறுத்திடுங்க. நிஜமா இறந்தவங்க பேரைத் தொடாதீங்க.

கடைசியா, நமக்கு முன்னாடி எழுதினவங்க. டி. செல்வராஜ் திண்டுக்கல்லில் வக்கீலா இருந்தவர். அந்த ஊர் தோல் தொழிலாளிகளைப் பத்தி அவர் எழுதின 'தோல்' நாவலுக்கு 2012ல் சாகித்ய அகாதமி விருது கிடைச்சுது. அவர் டேனரித் தொழிலாளி இல்லை. ஆனா அந்த மக்களோட ரொம்ப வருஷம் பழகினவர். வெளியாளும் எழுதலாம், ட்ரெயினை விட்டு இறங்கினா போதும்னு அவர் கதை சொல்லுது. பூமணியோட 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கிற அழகிரியைப் படிங்க. பேரணாம்பட்டுக்காரர் அழகிய பெரியவனைப் படிங்க. நம்ம பெல்ட்டிலேயே இருந்துக்கிட்டு எழுதறவர் அவர்.

பேச்சும் முடிவும்

வட்டார வழக்கு எழுதறேன்னு எல்லா வரியிலும் 'இன்னாபா', 'கீது'ன்னு தூவாதீங்க. பிரியாணியில் உப்பு மாதிரி அளவா போடுங்க. வேலூர் பக்கம் ஒரே தெருவில் தமிழ், உருது, தெலுங்கு மூணும் கேட்கும். யார் யார்கிட்ட எந்த மொழிக்கு மாறுறாங்கங்கறதைக் கவனிச்சா, யார் யாருக்குப் பயப்படறாங்கன்னு தெரிஞ்சிடும்.

முடிவுக்காக ஆளைக் கொல்லாதீங்க. ஆஃபர் லெட்டரும் வேண்டாம். 'அப்பா இனிமே டேனரிக்குப் போக வேண்டாம்'னு பையன் சொல்றதோட நிறைய கதை முடியுது. அப்பாவுக்கு அந்த வேலை பிடிச்சிருந்தா? அந்தக் கேள்வியை வெச்சு முடிச்ச கதை இதுவரைக்கும் எங்க டீமுக்கு ஒண்ணுகூட வரல.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒண்ணு: காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பொண்ணுங்க நிக்கிற ஸ்டாப்பில் ஒருநாள் நீங்களும் பஸ்ஸுக்கு நில்லுங்க. போட்டோ எடுக்காதீங்க. காதில் விழுந்த பேச்சில் மூணு விஷயத்தை மட்டும் ரூமுக்கு வந்து எழுதுங்க.

ரெண்டு: ஒருத்தர் கை ஒரு வேலையைச் செய்யறதை அரைப் பக்கம் எழுதுங்க. சோகம், கஷ்டம், ஏழை, நாற்றம் நாலு வார்த்தையும் வரக்கூடாது.

மூணு: அந்த அரைப் பக்கத்தை, அந்த வேலை தெரிஞ்ச ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க. 'இப்படி இல்லப்பா, டையை இப்படிப் பிடிக்கணும்'னு அவர் திருத்த ஆரம்பிச்சார்னா சந்தோஷப்படுங்க. அவர் சொல்றதை அப்படியே நோட்ல எழுதிக்கோங்க. மீதிக் கதை பெரும்பாலும் அதுலதான் இருக்கும்.